மெட்ரிக்கில் 81, முதல் டெஸ்டில் 38

வாசகர் கடிதம்:

"நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அப்பா இங்கேயே பிறந்தவர். அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். பிப்ரவரியில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.எஸ்சி. சேர்ந்தேன். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், கணக்கில் 81, ஃபிசிக்கல் சயன்ஸில் 77. போன வாரம் முதல் டெஸ்ட் மார்க் வந்தது. கணக்கில் 38, வேதியியலில் 46. வகுப்பில் எல்லாம் புரிகிற மாதிரித்தான் இருக்கிறது. போக வர தினம் மூன்று மணி நேரம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அரசின் மாணவர் நிதியுதவியான என்ஸ்ஃபாஸ் பணத்தில் படிக்கிறேன், அது நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கணக்கை விட்டுவிடலாமா? எனக்கு வார்சிட்டிக்கு, பல்கலைக்கழகத்துக்கு, தகுதி இல்லையா? வீட்டில் இன்னும் மார்க்கைச் சொல்லவில்லை."

அன்புத் தங்கைக்கு,

கணக்கை இப்போது விடாதே. பயத்தில் எடுக்கும் முடிவுக்கு முன்னால் அந்த 38 உன் மொத்த மார்க்கில் எவ்வளவு எடை பெறுகிறது என்று பார்த்துவிடலாம். பாடம் தொடங்கும்போது கொடுத்த மாட்யூல் அவுட்லைனை எடு. மார்க்கை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று முதல் இரண்டு பக்கத்துக்குள் இருக்கும். பாடத்துக்குப் பாடம் பிரிப்பு மாறும். உதாரணத்துக்கு இரண்டு டெஸ்டுக்கு 15 வீதம் 30, டுட்டோரியல் பயிற்சி வகுப்புக்கு 10, செமஸ்டர் பரீட்சைக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். 38 வாங்கிய டெஸ்ட் உனக்கு 5.7 தந்திருக்கிறது. அடுத்த டெஸ்டில் 55 வாங்கினால் 8.25 சேரும். டுட்டோரியல்களில் 70 வைத்திருந்தால் இன்னொரு 7. ஆக 40-க்கு 20.95. தேற 50 வேண்டும் என்றால் பரீட்சையின் 60-இல் 29.05 எடுத்தால் போதும். அதாவது பரீட்சையில் 49 விழுக்காடு. உன்னால் எட்ட முடியாத மார்க் இல்லை அது.

அதே கணக்கில் மனம் நொந்து இரண்டாம் டெஸ்டுக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் பார். 5.7-உம் 7-உம் சேர்ந்து 40-க்கு 12.7. இது வகுப்பு மார்க்கில் 32 விழுக்காடுகூட இல்லை. டிபிக்கு, அதாவது பரீட்சை எழுதும் அனுமதிக்கு, 40 விழுக்காடு கேட்கும் பாடமாக இருந்தால் பரீட்சை அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். முதலாண்டில் நான் அஞ்சுவது 38 வாங்குவதற்கு அல்ல, 38 வாங்கிய பிறகு மறைந்து போவதற்கு. டிபி கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளில் பலர் டுட்டோரியலுக்கும் பிராக்டிகலுக்கும் போகாமல் அங்கே வந்து நின்றவர்கள். ஆகவே வகுப்பு மார்க் எவ்வளவு வேண்டும், பிராக்டிகல் வருகை எவ்வளவு வேண்டும், பரீட்சையில் தனியாகக் குறைந்தபட்ச மார்க் உண்டா என்ற மூன்றையும் உன் எல்லாப் பாடங்களுக்கும் ஒரே தாளில் எழுதி மேசைமேல் ஒட்டு. அவுட்லைனில் புரியாத இடம் இருந்தால் பாடத்தை நடத்துபவரிடமே கேள். தோழியர் சொல்வதை நம்பிவிடாதே.

தகுதி பற்றிக் கேட்டிருந்தாய். உன் மெட்ரிக் மார்க் பொய்யில்லை. ஆனால் அது அளந்தது வேறு. மெட்ரிக் கணக்குத் தாள்கள் இரண்டும் தலா 150 மார்க், தலா மூன்று மணி நேரம். பல ஆண்டுத் தாள்களைப் போட்டுப் பார்த்து, மெமோ என்கிற விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, எந்தக் கேள்வி எந்த இடத்தில் வரும் என்று தெரிந்தே உள்ளே போயிருப்பாய். அந்தப் பயிற்சி நல்ல பயிற்சிதான். ஆனால் அது கேள்வியின் முகத்தைப் பார்த்ததும் வழியை நினைவுகூரப் பழக்குகிறது. பல்கலைக்கழகத் தாளில் கேள்விக்குப் பழகிய முகம் இருக்காது. வழியை நீயே தேடவேண்டும்.

மெட்ரிக் பாடத்திட்டம் எங்கே நின்றது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். நுண்கணிதத்தில் முதல் தத்துவத்திலிருந்து வகையிடுவது, அடுக்குகளை வகையிடுவது, முப்படிச் சார்பின் வரைபடம், பெருமம் சிறுமம் காண்பது, இவ்வளவுதான் உங்களுக்கு நடத்தியிருப்பார்கள். சங்கிலி விதி இல்லை, பெருக்கல் விதி இல்லை, தொகையிடல் இல்லை, கோணத்தை ரேடியனில் அளப்பதும் இல்லை. பல்கலைக்கழகத்தில் இவற்றை முதல் சில வாரங்களில் கடந்துவிட்டு, எல்லாம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போவார்கள். ரேடியனைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சத்தமில்லாமல் மார்க் போகும். உன் கால்குலேட்டரில் 0.01-இன் சைனை 0.01-ஆல் வகுத்துப் பார். 1-ஐ ஒட்டி வந்தால் சரி. 0.01745 என்று வந்தால் கருவி இன்னும் டிகிரியில் இருக்கிறது; இன்றே மாற்று.

இனி செய்யவேண்டிய முதல் வேலை. விடைத்தாளை நேரில் பார். ஸ்கிரிப்ட் பார்க்கவும் மார்க் பற்றிக் கேள்வி எழுப்பவும் குறிப்பிட்ட நாள்கள்தான் தருவார்கள், தள்ளிப்போடாதே. போகும்போது நோட்டும் பேனாவும் எடுத்துப் போய், இழந்த 62 மார்க்கையும் ஒவ்வொன்றாக நான்கு குவியலில் போடு. அந்தப் பகுதியே தெரியாததால் போனது ஒன்று. பாடம் தெரியும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பது இரண்டு. வழி சரி, இடையில் அல்ஜீப்ரா சறுக்கியது மூன்று. நேரம் போதவில்லை நான்கு. பக்கத்தில் எண்ணை எழுதிக் கூட்டு.

எந்தக் குவியல் பெரிதோ அதைப் பொறுத்து மருந்து மாறும். மூன்றாவது குவியல் பெரிதாக இருந்தால் அது முதலாண்டின் பழைய நோய். பின்னம், அடுக்கு, வர்க்கமூலம் மூன்றிலும் பள்ளிக்காலப் பிழைகள் அப்படியே தங்கியிருக்கும். 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 7. எண்ணாகக் கேட்டால் யாரும் தவறமாட்டார்கள். அதே இடத்தில் எழுத்துக்கள் வந்ததும் பாதிப் பேர் பிரித்து எடுத்துவிடுவார்கள். இதற்கு தினம் 20 நிமிடம், பத்து சிறு கணக்கு, மூன்று வாரம். வேறு குறுக்குவழி இல்லை. நான்காவது குவியல் பெரிதாக இருந்தால், பெரும்பாலும் அதன் வேரும் இங்கேதான் இருக்கும்: ஒவ்வொரு படியிலும் தயங்கினால் நேரம் ஓடிவிடும்.

இரண்டாவது குவியல்தான் உனக்குப் பெரிதாக இருக்கும் என்று உன் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. "வகுப்பில் எல்லாம் புரிகிற மாதிரித்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். விரிவுரையாளர் பலகையில் போடும்போது அடுத்த வரி ஏன் வந்தது என்று உனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த வரி இதுதான் என்று தேர்ந்தவர் அவர், நீ அல்ல. நோட்ஸைத் திரும்பப் படிக்கும்போதும் அதேதான் நடக்கிறது. தெரிந்த முகத்தைப் பார்த்து "ஆமாம், இவர்தான்" என்பதும், அதே முகத்தைப் பாராமல் வரைவதும் ஒன்றா? பரீட்சை வரையச் சொல்கிறது.

எனவே நோட்ஸ் படிக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடு. வகுப்பு நடந்த அன்றே, வீட்டுக்குக் கிளம்பும் முன் வளாகத்திலேயே, 20 நிமிடம் ஒதுக்கு. நோட்டை மூடிவிட்டு வெறும் தாளில் இன்று நடத்திய ஒரு எடுத்துக்காட்டை முதல் வரியிலிருந்து போடு. நின்ற இடத்தில் கோடு கிழித்துவிட்டு அப்புறம் நோட்டைத் திற. அந்தக் கோடுதான் நீ படிக்கவேண்டிய இடம்.

டுட்டோரியல் தாளை முதல் நாள் இரவே போட்டுப் பார்க்காமல் டுட்டுக்குப் போகாதே. எட்டுக் கணக்கு கொடுத்தால் எட்டையும் முடிக்கவேண்டும் என்றில்லை. ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம் உண்மையாக முயன்றிருக்கவேண்டும். சிக்கினால் "தெரியவில்லை" என்று எழுதி விடாதே. "இதுவரை வந்தேன், இந்தப் பகுதியை எப்படிச் சுருக்குவது என்று தெரியவில்லை" என்று ஒரு வரி எழுது. டியூட்டரிடம் அந்த வரியைக் காட்டு. வெறுங்கையோடு போனால் அவர் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுவார், நீ எழுதிக்கொண்டு வருவாய், இன்னொரு மெமோ சேர்ந்துவிடும். கைபேசியிடம் கேட்டு விடை வாங்குவதும் அதே கதைதான். 25 நிமிடம் முட்டிமோதிய பிறகு ஒரு படிக்கு உதவி கேள். முயற்சிக்கு முன்னால் கேட்காதே.

பின்தங்கிய பகுதிகளை எப்படிப் பிடிப்பது என்பதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். முதல் வாரத்திலிருந்து தொடங்கி வரிசையாக வருகிறார்கள். அதற்குள் வகுப்பு இன்னும் இரண்டு வாரம் முன்னே போய்விடும். கடைசிவரை வகுப்பில் எதுவும் பிடிபடாது. நீ இன்றைய வகுப்போடு சேர்ந்து நட. இன்றைய பாடத்துக்கு முந்தையது எது தேவைப்படுகிறதோ அதை மட்டும் அன்றன்று பின்னே போய் எடு. சங்கிலி விதி இல்லாமல் இன்று நகரமுடியாது என்றால் இன்று இரவே சங்கிலி விதி. மீதி விடுபட்டவை சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரத்துக்கு.

வேதியியலில் 46 என்பது வேறு மாதிரியான நஷ்டமாக இருக்கலாம். மோல் கணக்கும் வரம்பிடும் வினைபொருளும் பத்தாம், பதினோராம் வகுப்புகளிலேயே வந்தவை. அங்கே சறுக்கல் என்றால் அலகும் முக்கிய இலக்கமும் கவனி: மில்லிலிட்டரை லிட்டராக்க மறப்பது, இடையிலேயே எண்ணைச் சுருக்குவது, கால்குலேட்டர் காட்டிய ஒன்பது இலக்கத்தையும் விடையாக எழுதுவது. பிராக்டிகல் மார்க் கைக்கெட்டும் மார்க், அதை விடாதே. கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அது வருகையில் விழும், வருகை டிபியில் விழும். பியூரெட்டில் 0.1 மில்லிலிட்டர் கோடுகள்தான் இருக்கும், ஆனாலும் இரண்டாம் தசமம் வரை மதிப்பிட்டு எழுதவேண்டும்: 23.4 அல்ல, 23.40. டைட்ரேஷனில் 0.1-க்குள் ஒத்துவரும் அளவுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய். முதல் தோராய அளவைச் சராசரியில் சேர்க்காதே.

நேரத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடம் 160 மணி நேரம் கேட்கிறது. நான்கு பாடம் எடுத்திருந்தால் 640. வகுப்பு வாரங்களும் பரீட்சைக் காலமும் சேர்த்து ஏறக்குறைய 16 வாரம் என்று வைத்தால் வாரம் 40 மணி, பாடத்துக்குப் பத்து. விரிவுரை, டுட்டோரியல், பிராக்டிகல் எல்லாம் போக, கணக்கு ஒன்றுக்கே நீ தனியாக உட்காரவேண்டியது வாரம் நான்கைந்து மணி நேரம். இதோடு உன் பயணம் வாரம் 15 மணி. மொத்தம் 55. முடியும், ஆனால் தற்செயலாக முடியாது.

மினிபஸ் டாக்ஸியில் கணக்குப் போட முயலாதே. இரைச்சலும் குலுக்கலும் பாட்டும் இருக்கும் இடத்தில் அது நடக்காது. அங்கே நாளைய பிராக்டிகல் குறிப்பைப் படி, விதிகளை எழுதிய சிறு அட்டைகளைப் புரட்டு, இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள், அதுவும் தேவைதான். உன் உண்மையான படிப்பு நேரம் வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிகள். டைம்டேபிளில் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று ஓட்டைகள் இருக்கும்; கேஃபட்டீரியாவில் அவை எங்கே போயின என்றே தெரியாது. அவற்றில் மூன்றையாவது நூலகத்தின் ஒரே மேசையில், ஒரே பாடத்துக்கு என்று கட்டிவை. மாலையில் இருட்டும் முன் வண்டி ஏறு. வீட்டில் இரவு ஒன்றரை மணி போதும். ஏழு மணி நேரத் தூக்கத்தை வெட்டி அந்த ஒன்றரையை மூன்றாக்காதே. தூக்கம் குறைந்த மூளை முதலில் விடுவது அல்ஜீப்ராவைத்தான்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒன்றைச் சொல்லவேண்டும். நம் நாள்காட்டியும் வார்சிட்டி நாள்காட்டியும் மோதுகிற இடங்கள் உண்டு. ஈஸ்டர் சமயத்துக் கோயில் திருவிழாக்களும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டமும் முதல் செமஸ்டரின் டெஸ்ட் காலத்தை ஒட்டி வருகின்றன. புரட்டாசி விரதமும் சனிக்கிழமைப் பூசையும் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் செமஸ்டரின் டெஸ்ட் காலத்தில் விழும். தீபாவளி இந்த நாட்டில் பொது விடுமுறை இல்லை. ஆண்டிறுதிப் பரீட்சைக்கு மிக அருகில் வரும். விரதத்தை விடச் சொல்லவில்லை. எல்லா டெஸ்ட் தேதிகளையும் அம்மாவின் தமிழ் நாள்காட்டியிலேயே சிவப்பில் குறித்துவிடு. டெஸ்டுக்கு முந்தைய பத்து நாள் பலகாரம் சுடுவது, விருந்தாளிகளுக்குப் பரிமாறுவது எல்லாம் உன் பங்கில் இல்லை என்று முன்கூட்டியே பேசிவை. அன்று காலையில் சொன்னால்தான் சண்டை வரும். சமயக் கடமைக்கும் டெஸ்டுக்கும் ஒரே நாள் என்றால் இரண்டு வாரம் முன்பே பாடத்துறைக்கு எழுதிக் கேள். உடம்பு சரியில்லாமல் டெஸ்ட் தவறினால் அன்றே டாக்டரைப் பார்த்துச் சான்று வாங்கு. பிறகு போய் முன்தேதி போட்டு வாங்கிய சான்றை ஏற்கமாட்டார்கள், சமர்ப்பிக்கக் கெடு நாளும் உண்டு.

என்ஸ்ஃபாஸ் ஒரு டெஸ்ட் மார்க்குக்காகப் பணத்தை நிறுத்தாது. ஆண்டு முடிவில் எத்தனை பாடம் தேறினாய் என்பதைத்தான் பார்க்கும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் இந்த ஆண்டுக்குரிய தேர்ச்சி அளவை உன் வளாகத்து நிதியுதவி அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள். உனக்கு முக்கியமான இன்னொரு விதி: பட்டத்துக்குரிய ஆண்டுகளுக்கு மேல் ஓராண்டுக்குத்தான் உதவி உண்டு. மூன்றாண்டு பி.எஸ்சி. என்றால் நான்கு. முதலாண்டுக் கணக்கை விட்டால் அதைத் தொடரும் இரண்டாம் செமஸ்டர் கணக்கும் தள்ளிப்போகலாம், அதன்மேல் நிற்கும் இரண்டாமாண்டுப் பாடங்களும் தள்ளிப்போகலாம். கையிலிருக்கும் அந்த ஓராண்டை ஏப்ரல் மாதத்திலேயே செலவழிக்காதே.

என்றாலும் விடவேண்டிய நிலை வரவே வராது என்று சொல்லமாட்டேன். பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதியைத் தெரிந்து வை. அடுத்த மூன்று வாரம் மேலே சொன்னபடி செய். அப்புறம் பழைய டெஸ்ட் ஒன்றை நேரம் வைத்து, யார் உதவியும் இல்லாமல் எழுது. 45-க்கு மேல் வந்தால் பிடித்துக்கொள். 30-க்குக் கீழேயே நின்றால், கெடு தேதிக்கு முன் கல்வி ஆலோசகரைப் பார்த்து, நிதியுதவி அலுவலகத்திலும் கேட்டுவிட்டு முடிவெடு. மொத்த மார்க் 40-க்கும் 49-க்கும் இடையில் வந்தவர்களுக்குச் சப், அதாவது துணைப் பரீட்சை, எழுதும் வாய்ப்பைப் பொதுவாகத் தருவார்கள். அது பாதுகாப்பு வலை. பல இடங்களில் சப்பில் எவ்வளவு எழுதினாலும் பதிவில் 50-க்கு மேல் ஏறாது. அதை நம்பி ஜூன் மாதத்தைத் திட்டமிடாதே.

உங்கள் பல்கலைக்கழகத்தில் ரோபோட் என்கிற போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மாணவர் நிலையைக் காட்டுகிறார்கள் அல்லவா? ஆரஞ்சு வந்தபிறகு ஆலோசகர் உன்னைக் கூப்பிடுவார். பச்சையில் இருக்கும்போதே போனால் அவருக்கு உன்னோடு உட்கார நேரமும் இருக்கும், செய்வதற்கு வழிகளும் இருக்கும். மனநல ஆலோசனைப் பிரிவும் அதே வளாகத்தில் உண்டு. இரவில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் போனால் அங்கேயும் போ. வெட்கப்பட எதுவும் இல்லை.

ஸ்கிரிப்ட் பார்த்த அன்றே வீட்டில் சொல்லிவிடு. மார்க்கை மட்டும் சொன்னால் அவர்களுக்கு 38 மட்டுமே காதில் விழும். பயந்துபோய் "கணக்கு வேண்டாம், டீச்சர் வேலைக்குப் படி" என்றும் சொல்லலாம். ஆகவே நான்கு குவியலும் எழுதிய தாளையும் வாரத் திட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசு. அம்மாவிடம் குறிப்பாக ஒன்று கேள்: வார நாள்களில் இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை உன்னை யாரும் கூப்பிடக்கூடாது, தொலைக்காட்சிச் சத்தம் குறைவாக இருக்கவேண்டும். காரணம் தெரிந்தால் கொடுப்பார்கள். இரண்டாம் டெஸ்ட் தேதியையும் அவர்களிடமே சொல்லிவிடு.

நாளை வளாகத்துக்குப் போனதும் முதலில் ஸ்கிரிப்ட் பார்க்கும் நாளும் நேரமும் விசாரி. கால்குலேட்டரை மறக்காமல் எடுத்துப் போ.